காலை ஆறேகாலுக்குக் கழற்றிவிடுவது

ஒரு பிள்ளை அம்மாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கிறது. அந்தப் பிடியை யார் விடுவிக்க வேண்டும், அம்மாவா, நாமா?

போடியில் இருக்கும் இந்தப் பிள்ளைக் காப்பகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டேன். இன்னும் எனக்குப் பதில் தெரியாது. அம்மா விடுவித்தால், பெற்றவளே தள்ளிவிட்டாள் என்று பிள்ளை நினைக்குமோ என்று பயமாக இருக்கும். நாம் விடுவித்தால் அன்று மதியம் வரை அந்தப் பிள்ளைக்கு நாம்தான் பூச்சாண்டி. ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு நாளும் வீட்டுக்குப் போய், மற்றதைச் செய்திருக்கலாமோ என்று யோசித்திருக்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். கணவருக்குத் தேனியில் வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் உதவியாக நமது செய்திமடலில் ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். பால் எத்தனை மணிக்கு, பாய் எங்கே, எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது என்பதையெல்லாம் சமையல் அக்கா என்னைவிட நன்றாகச் சொல்வார். அதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது என் தவறு ஒன்றை. அந்தத் தவறால் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு ஏலக்காய்த் தோட்ட ஜீப்பில் இருந்த இடம் போகப் பார்த்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது என் மகள் இனியாவுக்கு இரண்டு வயது. அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவேன். ஊர்ப் பிள்ளைகளை அம்மாக்களிடமிருந்து வாங்கி வைப்பவள், தன் பிள்ளையை மட்டும் கீழே விடமாட்டாள். அம்மாக்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா?

“டீச்சருக்கு இடுப்பு ஒரு பக்கமா வளைஞ்சு போச்சுடீ” என்பார்கள். “அது வளைவு இல்லடீ, இனியா உக்காந்து உக்காந்து நாற்காலி ஆகிப்போச்சு” என்பாள் பேச்சியம்மாள். அவளுக்கும் என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது அவர்கள் பேசிய ஒரு சொல். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து, “டீச்சர், வெரசா கழட்டுங்க, ஜீப்பு கெளம்பப் போகுது” என்பார்கள். பிள்ளை என்ன திருகாணியா? ட்ராக்டருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரா? பயிற்சி வகுப்பில் ‘தாயையும் சேயையும் பிரித்தல்’ என்று ஒரு பாடமே நடத்தியிருந்தார்கள். நானும் வருகைப் பதிவேட்டில் அழகாகக் கோடு போட்டு, ‘பிரித்த நேரம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதை இப்போதும் நீங்கள் பார்க்கலாம். அம்மாக்களிடம், பிள்ளை காதுபட ‘கழட்டு’ என்று சொல்லக் கூடாது, ‘பிரிக்கிறோம்’ என்று சொல்லுங்கள் என்றேன்.

அப்போது தன் மூத்த பிள்ளையை இங்கே விட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் முறைத்தாள்.

“பிரிக்கிறதா? கூரையப் பிரிப்பாக. தையலப் பிரிப்பாக. பங்காளிக சண்ட போட்டு வீட்டப் பிரிப்பாக. பிரிச்சா மறுபடி முதல்லருந்து கட்டணும் டீச்சர். கழட்டுறதுன்னா அப்பிடியா? காதுத் தோட்டக் கழட்டுறோம், செருப்பக் கழட்டுறோம். சாயந்தரம் வந்து மாட்டிக்கிறோம்ல?”

“அப்ப, புருசன் கழட்டி விட்டுட்டான்னு சொல்றாங்களே, அது?”

“அந்தத் தப்பு கழட்டுனதுல இல்ல. சாயந்தரம் வராததுல இருக்கு.”

ஆனாலும் பதிவேட்டை மாற்றவில்லை. படித்தவள் அல்லவா.

அவர்கள் கழற்றும் முறையை நீங்கள் இந்த ஒரு வாரத்தில் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். நம் காப்பகத்து அம்மாக்கள் இரண்டு சட்டை போட்டு வருவார்கள். மேலே இருக்கும் பழைய சட்டைக்குப் பொத்தான் போடமாட்டார்கள். பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். அம்மா கையை உருவிக்கொண்டு நழுவிவிடுவாள். சட்டை மட்டும் பிள்ளையின் பிடியில் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டே பிள்ளை கொஞ்சம் விசும்பும், மூக்கைத் துடைக்கும், அதன்மேலேயே படுத்துத் தூங்கும். மாலையில் அம்மா வந்து அதைப் போட்டுக்கொண்டு போவாள். சனிக்கிழமை மட்டும், மறுநாள் விடுமுறை என்பதால், சட்டைகள் நம் சுவரில் இருக்கும் ஆணிகளிலேயே தொங்கும். அவை பக்கம் போனால் வியர்வை, ஏலக்காய், விறகுப்புகை, தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும்.

ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் காப்பகத்தைத் திறந்து தரையைக் கழுவினேன், பாய்களை உதறினேன். பிறகு அந்தச் சட்டைகளைப் பார்த்தேன். என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

அத்தனையையும் ஊறவைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்தேன். கடைசி அலசலில் ஒரு மூடி டெட்டால் வேறு ஊற்றினேன். காய்ந்ததும் மடித்து, அந்தந்த ஆணிக்கு நேராக வரிசையாக அடுக்கினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

திங்கள் காலை அம்மாக்கள் அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டு பிள்ளையை அணைத்தார்கள், வழக்கம்போல நழுவினார்கள். பிள்ளைகள் சட்டையில் முகத்தைப் புதைத்தன. பிறகு ஒன்று தலையைத் தூக்கி ஓலமிட்டது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு எல்லாமே. சட்டைகள் நாலா பக்கமும் பறந்தன. சமையல் அக்கா ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “ஆத்தாடி, ஆசுபத்திரி மாதிரில்ல வாடை அடிக்குது!” என்று தலையில் கை வைத்தார்.

மற்ற அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி ஜீப்பில் ஏறிவிட்டார்கள். பேச்சியம்மாளின் மகள் மீனா மட்டும் விடவில்லை. ஒன்றரை வயது. மேல்சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவின் உள்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜீப் ஓட்டுகிற அண்ணன் விடாமல் ஹாரன் அடித்தார்.

“டீச்சர், கழட்டுங்க!” என்றாள் பேச்சியம்மாள்.

சமையல் அக்கா கையை நீட்டிக்கொண்டு வந்தார். அரை நிமிடத்தில் முடித்திருப்பார். நான் குறுக்கே நின்றேன்.

“வேண்டாம் அக்கா. இப்படி அழுறப்ப பிடுங்கினா பிள்ள மனசுல பதிஞ்சிரும். பேச்சி, நீங்க உக்காருங்க. அம்மா வேலைக்குப் போறேன், சாயந்தரம் வந்துருவேன்னு அவ கண்ணப் பாத்து நிதானமா சொல்லுங்க. அஞ்சு நிமிசம் போதும்.”

“அஞ்சு நிமிசத்துல ஜீப்பு மலையடியில முந்தலத் தாண்டிரும் டீச்சர்.”

“நான் அண்ணங்கிட்ட சொல்றேன்.”

சொன்னேன். அண்ணன் கேட்டார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். இரண்டு நிமிடம் காத்திருந்தார். உள்ளே பதின்மூன்று பெண்கள், மலையில் எடைக்கு முன்னால் எடுத்தாக வேண்டிய காய். மூன்றாவது நிமிடம் ஜீப் போய்விட்டது.

நான் சொன்னதில் தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் பாடம் எழுதியவருக்கு ஜீப் காத்திருக்கவில்லை. பிள்ளையோடு நிதானமாகப் பேச வேண்டும் என்றால் அதை ஐந்தரைக்குச் செய்ய வேண்டும், ஆறேகாலுக்கு அல்ல. இதை நீங்கள் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குப் பார்வையிட வந்த அம்மா, “ஏன் எல்லாக் குழந்தைகளும் அழறாங்க?” என்று கேட்டார்.

“இன்னிக்கு ரொம்பச் சுத்தமா இருக்கோம்மா, அதான்” என்றார் சமையல் அக்கா.

காய் எடுக்கும் பருவத்தில் ஜீப்பில் ஓர் இடம் என்பது சாதாரண விஷயமில்லை. ஒரு நாள் வராவிட்டால் தோட்டத்துக் கங்காணி பொறுத்துக்கொள்வார். இரண்டாவது நாளும் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவார். பிறகு பருவம் முடியும்வரை அது அந்த வேறு ஆளின் இடம். வர முடியாதவள் தனக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்பினால் மட்டும் இடம் நிற்கும். அதற்கு மாத்தாள் என்று பெயர். பேச்சியம்மாள் அந்த வருடம் முழுக்க நம்பியிருந்தது இந்த நான்கு மாதப் பருவத்தைத்தான்.

மாலை வரை மீனா அவள் சட்டையை விடவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட ஒரு கையைத்தான் எடுத்தாள். நாளைக்கும் விடமாட்டாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

“மாத்தாளுக்கு யாராச்சும் இருக்காங்களா பேச்சி?”

“பருவத்துல சும்மா இருக்கிற பொம்பள போடியில யாரு இருக்கா?” என்றவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரு ஆளு இருக்கு. ஆனா அதுக்கு இடுப்புல நாற்காலி.”

வேடிக்கைக்குச் சொன்னாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் இங்கன இருந்து ஒங்க சோலியப் பாக்குறேன் டீச்சர். எம்பிள்ளயும் என் மடியிலயே இருக்கும். ஒரு நா போதும், அதுக்குள்ள சட்டையில வாடை ஏறிரும். நீங்க மேல போயிட்டு வாங்க. கெடுத்தது நீங்கதான?”

வீட்டில் கணவர், “உனக்குச் செடியில எது காய்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது. இனியா இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட என்னை விட்டு இருந்ததில்லை. காய்ச்சல் வந்தால்? மதியம் என் முந்தானை இல்லாமல் தூங்குவாளா? போகாவிட்டால் பேச்சியம்மாளின் நான்கு மாதம் போகும். விடியும்வரை நான் முடிவெடுக்கவில்லை. விடிந்ததும் கணவரின் சட்டைகளில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறேகால். ஜீப் ஹாரன் அடிக்கிறது. இனியா என் மேல்சட்டையைப் பிடித்திருக்கிறாள். நான் குனிந்து, அவள் கண்ணைப் பார்த்து, ‘அம்மா வேலைக்குப் போறேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

“சொல்லுங்க டீச்சர், நிதானமா” என்றாள் பேச்சியம்மாள். “அஞ்சு நிமிசம் போதும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் கேலியை விட்டுவிட்டாள். மீனாவை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறுகையால் என் தோளிலிருந்து சட்டையை உருவினாள். “பின்பக்கமா போங்க. திரும்பிப் பாக்காதீக” என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதுவும் சொல்லவுமில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பாடம் எடுத்தவள், திருடி மாதிரிப் பின்வாசல் வழியாகப் போய் ஜீப்பில் ஏறினேன்.

மலைமேல் போடிமெட்டு வரை ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பில் ஒரு கேள்வி வந்தது. டீச்சர், அட்டை கடிச்சா தடவ அந்த டெட்டாலு கொண்டாந்தீகளா? டீச்சர், எங்க வீட்டுலயும் மூணு சட்டை கெடக்கு, எப்ப வந்து துவைப்பீக? நான் கீழே தெரிந்த போடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண் தன் சம்படத்தைத் திறந்து ஒரு இட்லியை என் கையில் வைத்தாள். “தின்னுங்க. மொத நாளு எல்லாரும் இப்பிடித்தான் மூஞ்சிய வச்சிருப்போம்” என்றாள். அதற்கப்புறம் யாரும் டெட்டாலைப் பற்றிப் பேசவில்லை.

தோட்டத்தில் பனிமூட்டம். ஏலச்செடி என் தலைக்கு மேல் நின்றது. காயோ அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். நான் ஒரு காயைப் பிடித்து இழுத்தேன். சரமே கையோடு வந்தது.

“யாத்தே! பிடுங்காதீக டீச்சர். கழட்டுங்க” என்றாள் பக்கத்துச் செடியில் இருந்தவள். என் கையைப் பிடித்துக் காட்டினாள். “காய இழுக்கக் கூடாது. கட்டவிரலால அடியில லேசா தள்ளணும். முத்துனது தானா விடும். விடலன்னா அது பிஞ்சு, இன்னைக்கு அது வராது. விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.”

எந்த வகுப்பிலும் கேட்காத பாடம் இது. பிள்ளையின் விரல்களை இப்போது நான் அப்படித்தான் விடுவிக்கிறேன். உள்ளங்கைப் பக்கமாக ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளினால், பல பிள்ளைகள் அந்த விரலையே பிடித்துக்கொள்ளும். விடாத பிள்ளையை அன்று விட்டுவிட வேண்டும் என்பதுதான் பாடத்தின் கஷ்டமான பாதி. அதற்கு ஜீப் அண்ணனோடு ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்காக மறுநாள் ஜீப் மற்ற தெருக்களில் ஆளேற்றிவிட்டுக் கடைசியாக இந்தப் பக்கம் வரும். பத்து நிமிடம் கிடைக்கும். அவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

மதியம் சாப்பிடும்போது கைபேசியைப் பாறைமேல் ஏறிப் பிடித்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. தூங்கியிருப்பாளா? அழுது வாந்தி எடுத்திருப்பாளா? பேச்சியம்மாள் மீனாவையே வைத்துக்கொண்டு இவளைக் கவனிக்காமல் விட்டிருப்பாளா? அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. இத்தனை பேரும் தினமும் மதியம் என்னைப் பற்றித்தானே இப்படி நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்திருப்பார்கள்?

மாலை எடைபோடும் இடத்தில் கங்காணி என் பையைக் கவிழ்த்தார். தமிழர்தான். கேரள எல்லையிலேயே வாழ்ந்து பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டவர். குவியலைக் கையால் அளைந்து பார்த்தார். பாதி பிஞ்சு. கால்வாசி காம்பு. ஓர் அட்டையும் இருந்தது.

“எந்தா டீச்சரே இது?”

“முதல் நாள் அண்ணே. நாளைக்கு இன்னும் நல்லா எடுப்பேன்.”

“மதி டீச்சரே, மதி, போதும். கையெடுத்துக் கும்புடுறேன். நாளைக்குப் பேச்சியவே அனுப்புங்க. அவ இடம் அவளுக்குத்தான். நீங்க இன்னொரு நா வந்தா அடுத்த வருசத்துக்குச் செடியில சரம் இருக்காது.”

ஜீப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தியின் இடத்தை இவ்வளவு மோசமாக வேலை செய்து காப்பாற்றிக் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போடியில் இறங்கியதும் ஓடினேன். முன்னறையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. மீனா, அம்மாவின் மேல்சட்டையைப் பாவாடை மாதிரி இழுத்துக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் நாள் முழுக்க அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே அடுப்படியில் வேலை செய்து, வாடையை ஏற்றி, மாலையில் அவளிடம் கொடுத்திருந்தாள். மறுநாள் காலை மீனா அதைப் பிடித்துக்கொண்டு வழக்கமான விசும்பலோடு நின்றுவிட்டாள். பேச்சியம்மாள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த வருடம் பருவம் முடியும்வரை அந்த இடம் அவளுடையதாகவே இருந்தது.

ஆனால் அந்தச் செவ்வாய் மாலை இனியா முன்னறையில் இல்லை. அடுப்படி வாசற்படியில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் வந்து தூக்கியதும் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

“அம்மா, சோறு வெந்துருச்சா?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மாள்தான் தயங்கிக்கொண்டே சொன்னாள். “காலையில ரொம்பத் தேடுச்சு டீச்சர். என்ன சொல்றதுன்னு தெரியல. அம்மா அடுப்படியில சோறு வடிக்கிறா, தீயி சுடும், உள்ள போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுலருந்து இந்தப் படிய விட்டு எந்திரிக்கல. ஆனா அழுகல. கஞ்சி குடிச்சுச்சு, இங்கனயே தூங்குச்சு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் என் வாயிலிருந்து வராத சொல்லுக்குப் பதிலாக அவள் தன்னால் முடிந்த ஒரு சொல்லைக் கொடுத்திருந்தாள். இனியா என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“வெந்துருச்சு தங்கம்” என்றேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறாள், கையை ஆட்டிவிட்டு வருகிறாள். அந்த நாள் அவளுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை என்று கணவர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் வீட்டில் நான் மாடியில் துணி காயப்போடும்போதோ குளித்துக்கொண்டிருக்கும்போதோ அவள் என்னைத் தேடினால், கூப்பிடமாட்டாள். நேராக அடுப்படிக்குப் போவாள். உள்ளே நுழையமாட்டாள். படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். போன வாரம்கூட நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அங்கேதான் இருந்தாள். உள்ளே அடுப்பு எரியவில்லை.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும், இதைப் படிக்கிற அம்மாக்களும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் அடுப்படியில் இல்லை, சொல்லாமல் மலைக்குப் போய்விட்டேன் என்று இப்போது அவளிடம் சொல்லலாமா? சொன்னால், இத்தனை நாள் அவள் அங்கே உட்கார்ந்து காத்திருந்தது வீண் என்று ஆகிவிடாதா? சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்தப் படியில் உட்காருவாள்? உங்களில் யாராவது இப்படி ஒரு பொய்யைப் பிள்ளையிடமிருந்து வலிக்காமல் எடுத்திருந்தால், எப்படி எடுத்தீர்கள் என்று காப்பகத்து முகவரிக்கு எழுதுங்கள். இந்த மாதம் முடியும்வரை காலையில் நான் அங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகு கடிதம் வந்தால் சமையல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் எப்படியாவது எனக்குச் சேர்த்துவிடுவார்.